கிளிப் கழற்றிய பிறகு ரிட்டெய்னரை எத்தனை காலம் அணிய வேண்டும், எப்படிப் பராமரிக்க வேண்டும்?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். உங்கள் பதினேழு வயது மகளுக்கு நான்கு பற்களை எடுத்துவிட்டு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கிளிப் போட்டிருந்தார்கள். அண்மையில் அதைக் கழற்றி, மேல் வரிசைக்கு, நேராக்கிய பற்கள் மீண்டும் நகராமல் பிடித்துவைக்கும், கழற்றி மாட்டக்கூடிய தெளிவான பிளாஸ்டிக் ரிட்டெய்னரும், கீழ் முன்பற்களின் உட்புறத்தில் ஒட்டிய மெல்லிய கம்பியும் கொடுத்திருக்கிறார்கள். முதல் ஆறு மாதம் நாள் முழுவதும், அதன் பிறகு இரவில் மட்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். எத்தனை ஆண்டுகள் என்று சொல்லவில்லை. ஒரு வருடம் போட்டால் போதும் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். ரிட்டெய்னரில் வெள்ளையாக ஏதோ படிந்து வாடை வருகிறது, கொதிக்கும் நீரில் போட்டு எடுக்கலாமா என்று கேட்கிறீர்கள். அடுத்த மாதம் மகள் கல்லூரி விடுதிக்குப் போகிறாள் என்பதால் என்ன சொல்லி அனுப்புவது என்ற கவலையும் உங்களுக்கு இருக்கிறது.

பல் சீரமைப்பு மருத்துவன் என்ற முறையில் முதலில் இரண்டு விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். கொதிநீரில் போட வேண்டாம், ஒரு முறைகூட வேண்டாம். இரவில் அணிவதற்கு முடிவுத் தேதி எதுவும் கிடையாது. பற்கள் இப்போது இருப்பதுபோல் நேராக இருக்க வேண்டும் என்று உங்கள் மகள் விரும்பும் காலம் வரை அணிய வேண்டும். இதைக் கேட்டவுடன் பலருக்கும் மலைப்பாக இருக்கும். ஆனால் காரணம் புரிந்துவிட்டால், அதிலும் எப்போது கூட்டலாம் எப்போது குறைக்கலாம் என்று வாயே சொல்லிக்கொடுக்கும் அடையாளம் தெரிந்துவிட்டால், இது இரவு பல் துலக்குவதைப் போன்ற சாதாரணப் பழக்கமாகிவிடும்.

பல்லின் வேர் தாடை எலும்போடு நேரடியாக ஒட்டியிருப்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டரின் நான்கில் ஒரு பங்கு அளவே தடிமனுள்ள நார்த்திசு இருக்கிறது. பல் அதில்தான் தொங்கி நிற்கிறது. கிளிப்பின் கம்பி பல்லைத் தள்ளும்போது, தள்ளப்படும் பக்கத்தில் எலும்பு கரைகிறது, எதிர்ப்பக்கத்தில் புதிய எலும்பு உருவாகிறது. இப்படித்தான் பல் இடம் மாறுகிறது. கிளிப்பைக் கழற்றும் நாளில் பல் புதிய இடத்துக்கு வந்திருக்கும், ஆனால் அதைப் பிடித்திருக்கும் திசுக்கள் இன்னும் சீராகியிருக்காது. அதனால்தான் கழற்றிய முதல் சில வாரங்களில் பற்கள் இலேசாக ஆடுவதுபோல் இருக்கும், அது இயல்பு. வேரைச் சுற்றிய நார்கள் புதிய நிலைக்கேற்ப ஒழுங்காக மூன்று நான்கு மாதங்கள் ஆகின்றன. ஈறுக்குள் இருக்கும் கொலாஜன் நார்களுக்கு நான்கு முதல் ஆறு மாதங்கள் தேவை. ஈறில் உள்ள மீள்தன்மை மிக்க நார்களோ ஒரு வருடம் கழித்தும் பல்லைப் பழைய இடத்துக்கு இழுக்கும் வலிமையோடு இருக்கக்கூடும். உங்கள் மருத்துவர் சொன்ன ஆறு மாதக் கணக்கு இதிலிருந்து வருவதுதான்.

திரும்பியிருந்த பல்லை நேராக்கியிருந்தால் இந்த இழுப்பு இன்னும் அதிகம். முறுக்கிவிட்ட கயிறு விட்டவுடன் தன் பழைய நிலைக்குச் சுழல்வதைப்போல, ஈறின் நார்கள் பல்லோடு சேர்ந்து முறுக்கிக்கொண்டு நின்று, பிடி தளர்ந்ததும் அதைத் திருப்பப் பார்க்கும். மிக மோசமாகத் திரும்பியிருந்த பற்களுக்கு, மரத்துப்போகும் ஊசி போட்டு, ஈறின் அந்த நார்களை மட்டும் பல்லைச் சுற்றி வெட்டிவிடும் ஒரு சிறு சிகிச்சையும் உண்டு. எல்லோருக்கும் அது தேவையில்லை. உங்கள் மகளுக்குத் தெற்றுப்பல் இருந்ததா, பற்கள் திரும்பி இருந்ததா, நடுவில் இடைவெளி இருந்ததா என்று பழைய புகைப்படங்களை எடுத்துப் பாருங்கள். எது முன்பு கோணலாக இருந்ததோ, அதுதான் முதலில் நகரப் பார்க்கும்.

இவ்வளவுதான் காரணம் என்றால் உறவினர் சொன்ன ஒரு வருடம் ஏறக்குறையச் சரியாக இருந்திருக்கும். ஆனால் இரண்டாவது காரணம் ஒன்று உண்டு, அதற்குக் கிளிப்போடு தொடர்பே இல்லை. வயது ஏற ஏறக் கீழ்த்தாடையின் பல் வளைவு மெல்லச் சுருங்குகிறது. வாழ்நாளில் கிளிப்பே போடாதவர்களுக்கும், இருபது வயதில் வரிசையாக இருந்த கீழ் முன்பற்கள் நாற்பது வயதில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருக்கியடிப்பதைப் பார்க்கலாம். உதடு, கன்னம், நாக்கு ஆகியவை இரவும் பகலும் பற்களின்மேல் கொடுக்கும் அழுத்தமும் இதில் சேர்ந்துகொள்கிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் லிட்டில் என்பவரும் உடன் பணியாற்றியவர்களும், உங்கள் மகளைப் போலவே முன்கடைவாய்ப் பற்களை எடுத்துச் சிகிச்சை பெற்ற 65 பேரை, ரிட்டெய்னரை நிறுத்திப் பத்து ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆன பிறகு ஆராய்ந்து 1981இல் வெளியிட்டார்கள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்குக் கீழ் முன்பற்களின் வரிசை திருப்திகரமாக இல்லை. அதே குழு 1988இல், நிறுத்தி இருபது ஆண்டுகள் ஆன 31 பேரைப் பார்த்தபோது, ஏற்கத்தக்க வரிசை சுமார் பத்து சதவீதத்தினருக்கே எஞ்சியிருந்தது. இன்னும் முக்கியமானது, யாருக்குத் திரும்பும், யாருக்குத் திரும்பாது என்பதை முன்கூட்டியே சொல்ல அவர்களால் முடியவில்லை. சிகிச்சை எவ்வளவு நன்றாக முடிந்தது என்பதும் அதற்கு உத்தரவாதமாக இல்லை. எல்லோருக்கும் நீண்டகாலம் அணியச் சொல்வது அதனால்தான்.

இங்கே ஞானப்பல்லைப் பற்றி ஒரு வார்த்தை. "ஞானப்பல் முளைத்துத் தள்ளுவதால்தான் முன்பற்கள் கோணுகின்றன, அதை எடுத்துவிட்டால் ரிட்டெய்னரே வேண்டாம்" என்ற பேச்சு பரவலாக இருக்கிறது. ஞானப்பல் இல்லாதவர்களுக்கும், எடுத்துவிட்டவர்களுக்கும் இதே நெருக்கம் வருகிறது. வலி, சீழ், சொத்தை, பக்கத்துப் பல்லைப் பாதிப்பது போன்ற காரணங்களுக்காக ஞானப்பல்லை எடுக்கலாம். முன்பல் வரிசையைக் காப்பாற்றுவதற்காக மட்டும் எடுக்க வேண்டியதில்லை.

சரி, நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம்? மருத்துவருக்கு மருத்துவர் இது மாறும், அதற்காகக் குழம்ப வேண்டாம். மூன்று மாதம் முழுநேரம் என்பார்கள் சிலர், ஆறு மாதம் என்பார்கள் சிலர். தெளிவான பிளாஸ்டிக் ரிட்டெய்னரை முதல் நாளிலிருந்தே இரவில் மட்டும் அணியச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். அப்படிச் சொல்வதற்கும் ஆய்வு ஆதாரம் உண்டு. எந்த வகை ரிட்டெய்னர், எத்தனை மணி நேரம் என்பதில் ஒன்றை மட்டும் சிறந்தது என்று சொல்லப் போதிய தரமான ஆதாரம் இல்லை என்றுதான் மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2016இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பும் சொன்னது. உங்கள் மகளின் பற்கள் முன்பு எப்படி இருந்தன என்பதை நேரில் பார்த்தவர் உங்கள் மருத்துவர்; அவர் ஆறு மாதம் என்றால் ஆறு மாதம் போடட்டும். முழுநேரம் என்பதற்குச் சாப்பிடும்போதும் பல் துலக்கும்போதும் தவிர மற்ற நேரமெல்லாம் என்று பொருள். அது நடைமுறையில் நாளுக்கு இருபது மணி நேரத்துக்கு மேல் வரும்.

ஆறு மாதம் முடிந்து இரவுக்கு மாறும்போதுதான் நான் முன்பு சொன்ன அடையாளம் கைகொடுக்கும். ரிட்டெய்னர் மாட்டும்போது எவ்வளவு இறுக்கமாக இருக்கிறது என்பதே அது. ரிட்டெய்னர், பற்கள் கடைசியாக நேராக இருந்த நிலையின் அச்சு. அது எளிதாக உட்கார்ந்து, மாட்டியதே தெரியாமல் இருந்தால் பற்கள் அசையவில்லை. மாட்டிய முதல் சில நிமிடங்கள் மட்டும் ஒன்றிரண்டு பற்களில் இலேசான அழுத்தம் தெரிந்து பிறகு மறைந்தால், பகலில் சிறிது நகர்ந்த பற்களை அது மீண்டும் இடத்துக்குக் கொண்டுவருகிறது என்று பொருள். இப்போது அணியும் நேரம் போதும், ஆனால் அதற்குக் குறைக்கக் கூடாது. ஒவ்வோர் இரவும் இறுக்கமாகவே இருந்து, காலையில் கழற்றும்போது பல் கூசினாலோ வலித்தாலோ, நேரம் போதவில்லை. மாலையிலேயே மாட்டத் தொடங்க வேண்டும், தேவைப்பட்டால் சில வாரங்கள் முழுநேரத்துக்குத் திரும்ப வேண்டும். பிளாஸ்டிக்கின் விளிம்புக்கும் பல்லின் நுனிக்கும் நடுவே, முன்பு இல்லாத இடைவெளி கண்ணாடியில் தெரிந்தால், அது முழுமையாக உட்காரவில்லை. அந்த நிலையில் கடித்து அழுத்தி உட்கார வைக்க முயலக் கூடாது, ஓரிரு நாளில் மருத்துவரிடம் போக வேண்டும். இரவிலிருந்து ஒன்றுவிட்ட இரவு, பிறகு வாரத்துக்குச் சில இரவுகள் என்று சில ஆண்டுகள் கழித்துக் குறைக்க விரும்பினாலும் இதே அடையாளத்தைப் பார்த்துத்தான் குறைக்க வேண்டும். நாள்காட்டியைவிட இதைத்தான் நான் நம்புகிறேன். என்னிடம் வருபவர்கள் எத்தனை மாதம் ஆயிற்று என்று சொல்லத் தொடங்கும்போதெல்லாம், நேற்று இரவு மாட்டும்போது எப்படி இருந்தது என்றுதான் முதலில் கேட்கிறேன்.

இப்போது ரிட்டெய்னரைக் கையாளும் முறை. இதில் செய்யும் சிறு தவறுகள்தான் பாதி ரிட்டெய்னர்களை உடைக்கின்றன. மாட்டும்போது இரு கைகளின் விரல் நுனியால் முன்பக்கத்தில் சரியாகப் பொருத்தி, பிறகு இரண்டு பக்கமும் கடைவாய்ப் பற்களின்மேல் சமமாக அழுத்த வேண்டும். பாதி மாட்டிவிட்டுப் பல்லால் கடித்து உள்ளே தள்ளும் பழக்கம் மிக எளிதாக வந்துவிடும். பிளாஸ்டிக் விரிசல் விடுவது பெரும்பாலும் இதனால்தான். கழற்றும்போது ஒரு பக்கக் கடைவாய்ப் பல்லின் உட்புறத்தில் நகத்தை விளிம்புக்கடியில் கொடுத்துத் தளர்த்தி, அடுத்து மறுபக்கத்தையும் அப்படியே தளர்த்தி, இரண்டு பக்கமும் விடுபட்ட பிறகுதான் முன்பக்கம் இழுக்க வேண்டும். முன்பல்லின் பக்கத்திலிருந்து பிய்த்து எடுத்தால் நாளடைவில் நடுவில் கிழியும்.

பிளாஸ்டிக்குக்குப் பதிலாக அண்ணத்தில் படியும் அக்ரிலிக் தட்டும், முன்பற்களுக்கு வெளியே ஒரு கம்பியும் உள்ள ரிட்டெய்னரைச் சிலருக்குக் கொடுப்பார்கள். சார்லஸ் ஹாலி என்ற அமெரிக்க மருத்துவர் 1919இல் எழுதி அறிமுகப்படுத்தியதால் ஹாலி ரிட்டெய்னர் என்றே அதற்குப் பெயர். தெளிவான பிளாஸ்டிக் வகை 1993இல் ஜான் ஷெரிடன் எழுதிய பிறகு பரவியது. ஹாலி வகை பல ஆண்டுகள் உழைக்கும், மருத்துவர் கம்பியைச் சிறிது திருத்தியும் கொள்ளலாம். ஆனால் வெளிக்கம்பியைப் பிடித்து இழுத்துக் கழற்றினால் அது வளைந்து பயனற்றுப் போகும், கடைவாய்ப் பல்லைப் பிடிக்கும் கொக்கிகளில் விரல் வைத்தே கழற்ற வேண்டும். தட்டு அண்ணத்தை மூடுவதால் முதல் சில நாட்கள் ச, ஸ, ள, ழ ஒலிகள் வழுக்கும். எச்சில் அதிகம் ஊறும். நாளிதழில் ஒரு பத்தியைத் தினமும் வாய்விட்டு வாசித்தால் ஒரு வாரத்துக்குள் நாக்கு பழகிவிடும். தெளிவான வகையில் இந்தச் சிரமம் மிகக் குறைவு.

உங்கள் முக்கியக் கேள்வியான சுத்தத்துக்கு வருகிறேன். குழந்தையின் பால் புட்டியைக் கொதிநீரில் போட்டுக் கிருமி நீக்கிய வீடுகளில், ரிட்டெய்னரையும் அப்படியே செய்யலாம் என்று தோன்றுவது இயல்பே. ஆனால் இந்தத் தெளிவான தகடுகளில் பெரும்பாலானவை ஏறத்தாழ 80 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இளகக்கூடிய பிளாஸ்டிக்கால் ஆனவை. சூடாக்கி மாதிரி வடிவத்தின்மேல் உறிஞ்சிப் படியவைத்துத்தான் அவற்றைச் செய்வதே. கொதிநீரில் போட்ட சில நொடிகளில், கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வடிவம் மாறிவிடும். எடுத்துப் பார்த்தால் பழையபடியே இருக்கும். மாட்டினால் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும், அல்லது தளர்வாக இருந்து எதையும் பிடிக்காது. வாயில் மாட்டிக்கொண்டே சூடான காபி குடிப்பதும், வெயிலில் நிறுத்திய காருக்குள்ளோ வண்டியின் முன்பெட்டிக்குள்ளோ டப்பாவை விட்டுவிடுவதும் இதே விளைவைத் தரக்கூடும். பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் சூடும் அப்படித்தான்.

அன்றாடச் சுத்தம் எளிது. கழற்றியவுடன், எச்சில் காய்வதற்கு முன்பு, குளிர்ந்த அல்லது வெதுவெதுப்பான நீரில் அலச வேண்டும். காய்ந்த எச்சில்தான் படிவுக்கு முதல் அடுக்கு. பிறகு ரிட்டெய்னருக்கென்று தனியாக வைத்த மென்மையான பிரஷ்ஷில், வாசனையற்ற கை கழுவும் திரவச் சோப்போ பாத்திரம் கழுவும் திரவமோ ஒரு துளி விட்டு, உள்ளும் புறமும், பல்லின் நுனி உட்காரும் குழிகளிலும் தேய்த்து நன்றாக அலச வேண்டும். பற்பசை வேண்டாம், அதிலுள்ள தேய்ப்புத் துகள்கள் பிளாஸ்டிக்கில் நுண்ணிய கீறல்களை உண்டாக்கும், அந்தக் கீறல்களில் கிருமிகள் குடியேறும், தகடு மங்கலாகும். பற்பொடி, கரிப்பொடி, சாம்பல் எதையும் பயன்படுத்தக் கூடாது. ஆல்கஹால் கலந்த வாய் கொப்புளிக்கும் மருந்தில் ஊறப்போடுவதும் பிளாஸ்டிக்கையும் அக்ரிலிக்கையும் கெடுக்கும்.

நீங்கள் சொல்லும் வெள்ளைப் படிவு பெரும்பாலும் எச்சிலிலுள்ள கால்சியம் உப்புகள், கிருமிப் படலத்தின்மேல் படிந்து இறுகியது. அதாவது பல்லின்மேல் படியும் காரையேதான் தகட்டிலும் படிகிறது. உப்புத்தன்மை மிகுந்த நிலத்தடி நீரில் அலசிக் காயவைத்தால், அந்த நீரின் உப்பும் சேர்ந்துகொள்ளும். அப்படிப்பட்ட ஊர்களில் கடைசி அலசலுக்கு மட்டும் குடிநீரைப் பயன்படுத்துவது நல்லது. படிவை ஊசியாலோ கத்தி முனையாலோ சுரண்ட வேண்டாம். வெள்ளை வினிகரையும் நீரையும் சம அளவு கலந்து, அதில் பதினைந்து இருபது நிமிடம் ஊறவைத்து, இளகிய படிவைப் பிரஷ்ஷால் தேய்த்து, வாடை போகும்வரை அலசினால் பெரும்பாலும் போய்விடும். மாதத்துக்கு ஓரிரு முறை இதைச் செய்தால் போதும். கம்பியுள்ள ரிட்டெய்னராக இருந்தால் நீண்ட நேரம் ஊறவிடக் கூடாது. செட் பல்லைச் சுத்தம் செய்ய மருந்துக் கடையில் விற்கும் நுரைக்கும் மாத்திரையை வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை, உறையில் சொன்ன நேரத்துக்கு மட்டும், வெதுவெதுப்பான நீரில் பயன்படுத்தலாம். அந்த மாத்திரைகளில் பலவற்றில் பெர்சல்ஃபேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. சிலருக்கு அது ஒவ்வாமையை உண்டாக்கும். ஈறு எரிச்சல், தடிப்பு, மூச்சுத்திணறல் எது வந்தாலும் உடனே நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும். மாத்திரையில் ஊறியதை நன்றாக அலசாமல் வாயில் வைக்கவே கூடாது. இத்தனை செய்தும் நாற்றம் போகவில்லையென்றால் தகட்டில் விரிசலோ ஆழமான கீறலோ இருக்கலாம். சில நேரம் நாற்றம் ஈறிலிருந்தும் வரும், அதனால் பல்லையும் காட்டிவிடுவது நல்லது.

மஞ்சள் கறை வேறு விஷயம். மாட்டிக்கொண்டே சாம்பார் சாதம் சாப்பிட்டாலோ, சாப்பிட்ட வாயைக் கொப்புளிக்காமல் மாட்டினாலோ மஞ்சளின் நிறம் பிளாஸ்டிக்கில் ஏறிவிடும். அது எளிதில் போகாது, ஆனால் வேலையைக் கெடுக்காது. பற்சிதைவுதான் உண்மையான ஆபத்து. ரிட்டெய்னரை மாட்டிக்கொண்டு குளிர்பானம், பழச்சாறு, சர்க்கரை போட்ட டீ குடித்தால் அந்த இனிப்பும் அமிலமும் தகட்டுக்குள் தேங்கிப் பல்லை ஊறவைக்கும். சாதாரணமாக எச்சில் கழுவிவிடும். தகட்டுக்கு உள்ளே எச்சில் போய்க் கழுவ முடியாது. கிளிப் கழற்றியபோது மாசு மருவில்லாமல் இருந்த பற்களில், சில மாதங்களில் வெள்ளைப் புள்ளிகளும் சொத்தையும் வருவதற்கு இந்தப் பழக்கம் போதும். மாட்டியிருக்கும்போது தண்ணீர் மட்டும் குடிக்கலாம் என்பதை உங்கள் மகளிடம் அழுத்தமாகச் சொல்லுங்கள்.

கீழே ஒட்டிய கம்பியைப் பற்றி, கழற்ற வேண்டியதில்லை என்பதால் பலரும் மறந்துவிடுகிறார்கள். கீழ் முன்பற்களின் உட்புறத்துக்கு எதிரே, நாக்குக்கடியில்தான் உமிழ்நீர்ச் சுரப்பிகளின் வாய்கள் திறக்கின்றன. வாயிலேயே காரை அதிகம் படியும் இடம் அதுதான். அங்கே ஒரு கம்பியும் இருந்தால் படிவு இன்னும் எளிதாகச் சேரும். பிரஷ்ஷைச் செங்குத்தாகப் பிடித்து, ஈறிலிருந்து பல்லின் நுனி நோக்கித் தேய்க்க வேண்டும். பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் சாதாரண நூலைக் கம்பிக்கடியில் நுழைக்க முடியாது. ஒரு முனை விறைப்பாக இருக்கும் சூப்பர் ஃப்ளாஸ், அல்லது நூலைக் கோத்துச் செலுத்தும் பிளாஸ்டிக் வளையம் வாங்கிக் கொடுங்கள். பல் இடுக்குப் பிரஷ்ஷும் பயன்படும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை காரை எடுக்கப் போகும்போது, உள்ளே கம்பி இருப்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

வாரம் ஒரு முறை அவளே செய்துகொள்ள வேண்டிய சோதனை ஒன்று உண்டு. நல்ல வெளிச்சத்தில், ஒரு சிறு கண்ணாடியை நாக்குக்கு மேல் பிடித்து, கம்பி ஒவ்வொரு பல்லிலும் பல் நிறப் பசையால் மூடியிருக்கிறதா என்று ஆறு பற்களையும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். பிறகு நகத்தால் கம்பியை மெல்ல நெருட வேண்டும். எங்காவது அசைந்தாலோ நாக்கில் குத்தினாலோ அந்தப் பல்லில் ஒட்டு விட்டுவிட்டது. ஒரே ஒரு பல்லில் விட்டாலும் வலி இருக்காது, வித்தியாசமும் தெரியாது. அந்த ஒரு பல் மட்டும் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும். அரிதாக, ஒட்டு எங்கும் விடாமலேயே கம்பி இலேசாக வளைந்துபோய் ஒரு பல்லைச் சாய்த்துத் தள்ளுவதும் உண்டு. அதனால் பற்களின் வரிசை மாறுவதுபோல் தோன்றினால், கம்பி ஒட்டியிருக்கிறதே என்று சும்மா இருக்கக் கூடாது. முறுக்கு, சீடை, கடலை மிட்டாய், கரும்பு, முழுக் கொய்யா, எலும்பு ஆகியவற்றை முன்பல்லால் கடிப்பதும், நூலைப் பல்லால் அறுப்பதும், பாட்டில் மூடியைத் திறப்பதும் ஒட்டை உடைக்கும். கொய்யாவை நறுக்கிச் சாப்பிடலாம், முறுக்கைக் கையால் உடைத்துக் கடைவாயில் மெல்லலாம். எதையும் அடியோடு விட வேண்டியதில்லை.

ரிட்டெய்னர்கள் எப்படித் தொலைகின்றன என்று விசாரித்தால் பெரும்பாலும் ஒரே கதைதான் கிடைக்கும். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்ததும் கழற்றிக் கைக்குட்டைக் காகிதத்தில் சுற்றி இலையோரம் வைப்பார்கள். பரிமாறி, பேசி, எழுந்து, இலை எடுக்கப்படும்போது அதுவும் போய்விடும். விடுதி உணவுக்கூடத்திலும் இதுவே நடக்கும். ஒரே விதியைச் சொல்லி அனுப்புங்கள்: ரிட்டெய்னர் ஒன்று வாயில் இருக்க வேண்டும், இல்லையென்றால் டப்பாவில் இருக்க வேண்டும். காற்றுத் துளைகள் உள்ள, பளிச்சென்ற நிறத்தில் ஒரு டப்பாவைக் கல்லூரிப் பையிலும் இன்னொன்றை அறையிலும் வைத்துக்கொள்ளட்டும். நீரை உதறிவிட்டு வைக்க வேண்டும். ஈரத்தோடு மூடிய டப்பாவில் பூஞ்சை வளரும். டப்பாவையும் வாரம் ஒரு முறை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், அதை யாரும் செய்வதில்லை. வீட்டில் நாய் இருந்தால் உயரமான இடத்தில் வையுங்கள். எச்சில் வாடைக்கு நாய்கள் ரிட்டெய்னரைத் தேடிப் பிடித்துக் கடித்துவிடும். நீந்தும்போது கழற்றிவிட வேண்டும். கபடி, கூடைப்பந்து, ஹாக்கி போன்றவற்றுக்கு ரிட்டெய்னர் பாதுகாப்பு ஆகாது. அதற்கென்றுள்ள வாய்க்காப்பை அணிய வேண்டும்.

தொலைந்தாலோ உடைந்தாலோ அந்த வாரமே மருத்துவரிடம் சொல்ல வேண்டும், விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளக் கூடாது; முதல் வருடத்தில் இரண்டு மூன்று வாரங்களிலேயே பற்கள் கண்ணுக்குத் தெரியும்படி நகரக்கூடும். விரிசல் விட்ட பிளாஸ்டிக்கைப் பசை போட்டு ஒட்ட வேண்டாம்; அந்தப் பசை வாய்க்கு ஏற்றதன்று, வடிவமும் மாறிவிடும். பல்லில் புதிதாகச் சொத்தை அடைத்தாலோ, வேர்ச் சிகிச்சை செய்து தொப்பி போட்டாலோ, அந்தப் பல்லின் வடிவம் மாறி ரிட்டெய்னர் உட்காராமல் போகலாம். அதனால் எந்தப் பல் மருத்துவரிடம் போனாலும் ரிட்டெய்னரைக் கையோடு எடுத்துச் சென்று, வேலை முடிந்ததும் அங்கேயே மாட்டிப் பார்க்க வேண்டும். தெளிவான தகடு நிரந்தரமானதன்று. சிலருக்கு ஒரு வருடத்திலும், சிலருக்கு அதைவிட நெடுநாள் கழித்தும் தேய்ந்து தளரும். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்களுக்குச் சீக்கிரமே ஓட்டை விழும்.

நிறுத்திவிட்டு மாதக்கணக்கில் ஆகிப் பற்கள் ஓரளவு நகர்ந்துவிட்டாலும் வெட்கப்பட்டு மருத்துவரைத் தவிர்க்க வேண்டியதில்லை. சிறிய நகர்வாக இருந்தால் பற்களை மெல்ல நகர்த்தும் சில தெளிவான தகடுகளாலோ, குறுகிய காலக் கிளிப்பாலோ சரிசெய்துவிடலாம்; தள்ளிப்போட்டால்தான் முழுச் சிகிச்சையும் மறுபடி தேவைப்படும். இணையத்தில் சொல்வதைப் பார்த்து ரப்பர் வளையங்களைப் பல்லில் மாட்டித் தாமாகவே இடைவெளியை மூட முயல்வது மிக ஆபத்தானது. வளையம் ஈறுக்குள் ஏறி எலும்பை அரித்து, நல்ல பல்லையே இழக்க நேரிடும்.

மகள் விடுதிக்குப் போவதற்கு முன்பு ஒரு முறை உங்கள் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். கீழ்க்கம்பியின் ஒட்டை ஒவ்வொரு பல்லாகச் சரிபார்க்கச் சொல்லுங்கள். மேல் தகட்டுக்கு இன்னொரு பிரதி செய்து வாங்குங்கள். பற்கள் சரியாக இருக்கும் இப்போதே செய்வதுதான் பயன். சிகிச்சை முடிவில் எடுத்த அச்சு மாதிரியோ, கணினிப் பதிவோ இருந்தால் அதையும் கேட்டு வாங்கி வீட்டில் பத்திரமாக வையுங்கள். பிரதியையும் தொலைத்துவிட்டாள் என்றால், பற்கள் நகராதவரையில், மகள் ஊருக்கு வராமலேயே அதைக் கொண்டு புதியது செய்து கூரியரில் அனுப்ப முடியும். விடுதிக்குப் போகும் ஊரிலேயே ஒரு பல் சீரமைப்பு மருத்துவரின் பெயரை உங்கள் மருத்துவரிடம் கேட்டு, எண்ணை அவளுடைய கைபேசியில் இப்போதே பதிந்து கொடுங்கள்.